கணினியின் நாடி

நுழையும்முன்

பழுதுபட்ட பொருளைத் தூக்கி எறிவது எளிது. பழுது எங்கே இருக்கிறது என்று கண்டறிவதற்கு அறிவும் பொறுமையும் வேண்டும். நோயாளியைக் கண்டவுடன் மருந்து எழுதும் மருத்துவரை நாம் நம்புவதில்லை. நாடி பார்த்து, வினவி, சோதித்து, ஐயம் நீங்கிய பின்னர் மருந்து தருபவரையே நாடுகிறோம். கணினிக்கும் அந்நெறி பொருந்தும். சோதனை மென்பொருளை உள்ளே கொண்டுசெல்லும் குறுந்தகட்டு இயக்கியே செயலிழந்துவிட்ட பழைய கணினியில், எந்த உறுப்பு கெட்டது, எந்த உறுப்பு நலமாக உள்ளது என்பதை முறையாகக் கண்டறியும் வழியை இப்பாடம் விளக்குகிறது.

மூன்று ஊகங்கள்

பள்ளி ஒன்றின் கணினி ஆய்வகத்தில், 2008ஆம் ஆண்டு வாங்கப்பட்ட மேசைக்கணினி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். முன்னாள் மாணவர்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்த தாலாட்டு, ஒப்பாரி, நடவுப் பாடல்களின் ஒலிக்கோப்புகள் அதன் வன்தட்டில் உள்ளன. அவற்றுக்கு வேறெங்கும் படி இல்லை. பாடிய மூதாட்டியருள் சிலர் இன்று உயிருடன் இல்லை. அக்கணினி சில நாள்களாக வேலையின் நடுவே உறைந்து நிற்கிறது. சில வேளைகளில் தானாகவே அணைந்து மீண்டும் தொடங்குகிறது. குறுந்தகட்டு இயக்கியின் தட்டு வெளியே வருகிறது; ஆனால், உள்ளே வைத்த தகட்டை அது படிப்பதில்லை.

“பழசாகிவிட்டது, எடைக்குப் போட்டுவிடலாம்” என்கிறார் ஒருவர். “வன்தட்டு போய்விட்டது” என்கிறார் மற்றொருவர். “ரேமை மாற்றினால் சரியாகிவிடும்” என்கிறார் மூன்றாமவர். மூவரும் ஊகிக்கின்றனர், ஒருவரும் சோதிக்கவில்லை. முதலாமவர் சொல்வதைக் கேட்டால் பாடல்கள் அழியும். இரண்டாமவரோ மூன்றாமவரோ தவறாகச் சொல்லியிருந்தால் பணம் வீணாகும்; பழுதும் தீராது. ஊகத்திற்கும் அறிதலுக்கும் இடையே உள்ள தொலைவைக் கடக்க உதவுவதே வன்பொருள் சோதனை.

வெளியிலிருந்து ஏன் சோதிக்க வேண்டும்?

கணினியில் ஏற்கெனவே நிறுவப்பட்டுள்ள இயங்குதளத்தைக் கொண்டே அதனைச் சோதிக்கலாகாதா என்னும் வினா எழலாம். சில சோதனைகளை அவ்வாறு செய்யலாம். ஆயினும், அதில் இரண்டு இடர்கள் உள்ளன. முதலாவது, இயங்குதளம் நினைவகத்தின் ஒரு பகுதியைத் தானே பயன்படுத்திக்கொண்டிருக்கும். தான் அமர்ந்திருக்கும் இடத்தை அதனால் முழுமையாகச் சோதிக்க இயலாது. இரண்டாவது, இயங்குதளம் வன்தட்டிலிருந்தே படிக்கப்படுகிறது. வன்தட்டு பழுதாயிருந்தால், ஐயத்திற்குரியவரையே நடுவராக அமர்த்தியதைப் போன்ற நிலை உண்டாகும்.

ஆகவேதான், சோதனை மென்பொருள்கள் தாமே தனித்து இயங்கும் வகையில் உருவாக்கப்பட்டன. நெகிழ்வட்டுகளில் வந்த அவை பின்னர்க் குறுந்தகடுகளுக்கு மாறின. குறுந்தகட்டிலிருந்து கணினியைத் தொடங்கும் முறை 1995ஆம் ஆண்டு வரையறுக்கப்பட்டது. அதன் பிறகு கணினியுடன் சோதனைத் தகடு ஒன்றையும் சேர்த்துத் தருவது பல நிறுவனங்களின் வழக்கமாயிற்று.

ஆனால், கணினியின் உறுப்புகளுள் விரைவில் தேய்பவற்றுள் குறுந்தகட்டு இயக்கியும் ஒன்று. சுழலும் பகுதிகளும் நகரும் பகுதிகளும் அதில் உள்ளன. ஒளிக்கதிரைக் குவிக்கும் சிறு வில்லையின்மீது தூசு படிந்தாலே படிக்கும் திறன் குறைந்துவிடும். ஆண்டுகள் செல்லச் செல்லக் கதிரை உமிழும் உறுப்பும் வலுவிழக்கும். இவ்வாறு, கணினிக்குச் சோதனை மிகுதியாகத் தேவைப்படும் முதுமைப் பருவத்தில், சோதனை நுழையும் வாயில் அடைபட்டுவிடுகிறது. வாயில் ஒன்று அடைபட்டால் வேறு வாயில்கள் உண்டா என்று பார்ப்பதே அறிவுடைமை.

கணினி தன்னைத்தானே சோதிக்கும் கணம்

எந்தத் தகடும் இல்லாமலே நிகழும் சோதனை ஒன்று உண்டு. மின்பொத்தானை அழுத்திய உடனே, திரையில் எழுத்துகள் தோன்றுவதற்கும் முன்பாக, தாய்ப்பலகையில் உள்ள பயாஸ் என்னும் நிலைபொருள் நினைவகம், திரைக்கு உரிய மின்சுற்று, விசைப்பலகை முதலியவற்றைச் சோதிக்கிறது. இதனைத் தொடக்கத் தற்சோதனை என்பர். 1981ஆம் ஆண்டு வெளிவந்த ஐபிஎம் தனியாள் கணினியிலேயே இச்சோதனை இடம்பெற்றிருந்தது.

இச்சோதனையில் பழுது தெரிந்து, அதைத் திரையில் காட்ட இயலாத நிலை இருந்தால், கணினி ஒலியால் பேசுகிறது. நீண்ட ஒலி எத்தனை, குறுகிய ஒலி எத்தனை என்பதைக் கொண்டு பழுதின் இடத்தை அறியலாம். ஆனால், இந்த ஒலிமொழி பயாஸை உருவாக்கிய நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபடும். எனவே, தாய்ப்பலகையின் கையேட்டைப் பார்த்தே பொருள்கொள்ள வேண்டும். ஒலியே எழவில்லை என்றால், ஒலிப்பான் இணைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்தல் நலம்.

தொடக்கத்தில் தெரியும் மற்றோர் அறிகுறி நாளும் நேரமும் ஆகும். கணினியை அணைத்து மின்இணைப்பைத் துண்டித்த ஒவ்வொரு முறையும் நாள் பின்னோக்கிச் சென்றுவிடுமாயின், தாய்ப்பலகையில் உள்ள நாணயம் போன்ற மின்கலம் தீர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். பெரும்பாலான கணினிகளில் இது சிஆர்2032 என்னும் 3 வோல்ட் மின்கலமாகும். இது தீர்ந்துபோனால் பயாஸில் நாம் செய்த அமைப்புகளும் மறைந்துபோகலாம். அதனால் வன்தட்டையே காணவில்லை என்று கணினி அறிவிக்கவும் கூடும். மிகக் குறைந்த விலையில் கிடைக்கும் மின்கலம் ஒன்றை மாற்றாமல், வன்தட்டு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவது எத்துணைப் பெரிய பிழை!

கண்ணும் கையும்

மென்பொருளை நாடும் முன்னர்க் கண்ணால் காண வேண்டியவை சில உண்டு. கணினியை அணைத்து, மின்வடத்தைக் கழற்றி, மின்பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி எஞ்சிய மின்னோட்டத்தை வெளியேற்றிய பிறகே பெட்டியைத் திறக்க வேண்டும். உடலில் தேங்கியுள்ள நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுக்கக்கூடும் ஆதலால், பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது. எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கியின் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறத்தலாகாது. மின்வடத்தைக் கழற்றிய பின்னரும் உயிருக்கு ஊறு செய்யும் மின்னழுத்தம் அதனுள் தங்கியிருக்கும்.

உள்ளே காண வேண்டியவை மூன்று. முதலாவது தூசு. வெப்பம் கடத்தும் உலோகத் தகடுகளின் இடையே தூசு அடைத்தால் நுண்செயலி சூடேறும். சூடு எல்லை கடந்தால் தன்னைக் காத்துக்கொள்ளக் கணினி அணைந்துவிடும். தொடங்கிச் சிறிது நேரம் கழித்து, கடினமான வேலையின்போது மட்டும் அணைந்துபோகும் கணினியில் முதலில் ஐயுற வேண்டியது வெப்பத்தையே. இரண்டாவது மின்தேக்கிகள். அவற்றின் தலைப்பகுதி தட்டையாக இருக்க வேண்டும். வீங்கியோ கசிந்தோ இருப்பின் அத்தாய்ப்பலகை நம்பத்தக்கதன்று. 2000ஆம் ஆண்டை ஒட்டிய சில ஆண்டுகளில் உருவான தாய்ப்பலகைகள் பலவற்றில் இக்குறை பரவலாகக் காணப்பட்டது. மூன்றாவது இணைப்புகள். நினைவகப் பலகைகளையும் வடங்களையும் ஒருமுறை கழற்றி மீண்டும் அழுத்திப் பொருத்துவதாலேயே தீர்ந்துபோகும் பழுதுகள் பல.

வேறு வாயில்கள்

இனி, சோதனை மென்பொருளை உள்ளே கொண்டுசெல்லும் வழிகளைக் காண்போம்.

முதல் வழி, கணினியிலேயே மறைந்திருக்கும் சோதனைகளைத் தேடுவது. பல நிறுவனங்களின் கணினிகளில், தொடங்கும்போது குறிப்பிட்ட விசையை அழுத்தினால் சோதனைப் பட்டியல் தோன்றும். ஆப்பிள் நிறுவனத்தின் இன்டெல் நுண்செயலி கொண்ட மேக் கணினிகளில் ‘டி’ விசையை அழுத்திக்கொண்டே தொடங்க வேண்டும். 2013 ஜூன் மாதத்திற்கு முன் வெளிவந்த மேக் கணினிகளுக்கு ஆப்பிள் ஹார்டுவேர் டெஸ்ட் என்னும் மென்பொருளும், பின்னர் வந்தவற்றிற்கு ஆப்பிள் டயக்னாஸ்டிக்ஸ் என்னும் மென்பொருளும் உரியவை. விண்டோஸ் விஸ்டாவிலும் அதன் பின் வந்த பதிப்புகளிலும் நினைவகச் சோதனை உடன் இணைந்தே வருகிறது.

இரண்டாம் வழி, பென் டிரைவ். இன்று பெரும்பாலானோர் மேற்கொள்வது இவ்வழியே. ஆனால், இதில் பலரும் இடறும் இடம் ஒன்று உண்டு. சோதனை மென்பொருளின் தகட்டுப் பிம்பக் கோப்பை, பாடலையோ படத்தையோ படியெடுப்பதுபோல் பென் டிரைவில் படியெடுத்து வைத்தால் கணினி அதிலிருந்து தொடங்காது. ஏன்? பழைய பயாஸ் கோப்புகளை அறியாது. அது சேமிப்பகத்தின் முதல் 512 பைட்டுகளை மட்டும் படித்து, அங்குள்ள கட்டளைகளை நிறைவேற்றத் தொடங்கும். அந்த இடத்தில் தொடக்கக் கட்டளைகள் எழுதப்பட்டிருக்க வேண்டும். ரூஃபஸ் போன்ற மென்பொருள்கள் அவ்வேலையைச் செய்கின்றன. அவை பென் டிரைவில் முன்பிருந்த அனைத்தையும் அழித்துவிடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். நல்ல நிலையில் உள்ள வேறொரு கணினியில் இதனை உருவாக்குவதே முறை.

பின்னர், சோதிக்க வேண்டிய கணினியின் பயாஸில் நுழைந்து, தொடக்க வரிசையில் பென் டிரைவை முதலிடத்தில் வைக்க வேண்டும். பழைய பயாஸ்கள் சில, பென் டிரைவை வன்தட்டுகளின் பட்டியலுக்குள் சேர்த்துக் காட்டும். முதன்மைப் பட்டியலில் பென் டிரைவின் பெயர் இல்லையே என்று சோர்ந்துவிடாமல் அங்கும் தேடிப் பார்க்க வேண்டும். பென் டிரைவைக் கணினியில் செருகிய பின்னரே பயாஸில் நுழைவதும் தேவை. மேலும், 32 பிட் நுண்செயலியில் 64 பிட் மென்பொருள் இயங்காது. ஆதலால், கணினிக்கு ஏற்ற பதிப்பைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

மூன்றாம் வழி, பென் டிரைவிலிருந்து தொடங்கும் ஆற்றல் இல்லாத மிகப் பழைய கணினிகளுக்கு உரியது. அவற்றில் நெகிழ்வட்டு இயக்கி இருந்தால் அதனைப் பயன்படுத்தலாம். 1.44 மெகாபைட் கொள்ளளவு கொண்ட நெகிழ்வட்டுக்குள் அடங்கும் சோதனை மென்பொருள்கள் உண்டு. பிளாப் போன்ற தொடக்க மேலாளரை நெகிழ்வட்டிலிருந்து இயக்கி, அதன்வழியாகப் பென் டிரைவுக்கு மாறவும் இயலும்.

நான்காம் வழி, வலையமைப்பு. கணினியின் வலையமைப்பு அட்டை, தொடங்கும்போதே அருகில் உள்ள வழங்கிக் கணினியிடம் முகவரி பெற்று, தொடக்க மென்பொருளையும் அதனிடமிருந்தே பெற்றுக்கொள்ளும். பல கணினிகளை ஒருங்கே சோதிக்க வேண்டிய ஆய்வகங்களுக்கு இம்முறை ஏற்றது.

ஐந்தாம் வழி மிக எளியது. சோதனையைக் கணினிக்குள் கொண்டுசெல்ல இயலாவிட்டால், சோதிக்க வேண்டிய உறுப்பைக் கழற்றி நல்ல கணினியிடம் கொண்டுசெல்லலாம். வன்தட்டைக் கழற்றி, யுஎஸ்பி இணைப்பாக மாற்றும் சிறு கருவியின்வழி வேறொரு கணினியில் பொருத்திச் சோதிப்பது இதற்கு எடுத்துக்காட்டு.

எது முதலில்?

வழிகள் கிடைத்துவிட்டன. ஆனால், எந்தச் சோதனையை முதலில் செய்வது? இவ்வினாவுக்கான விடையில்தான் பாடல் தொகுப்பின் வாழ்வு அடங்கியிருக்கிறது.

வன்தட்டு பழுதாயிருந்தால், அது சுழலும் ஒவ்வொரு மணி நேரமும் இழப்பிற்கான வாய்ப்பைக் கூட்டும். எனவே, தரவுகளைப் படியெடுப்பதே முதல் வேலையாகத் தோன்றும். ஆனால், நினைவகம் பழுதாயிருந்தால், அதன்வழியே செல்லும் படியும் பழுதாகும். படியெடுத்துவிட்டோம் என்னும் நிறைவில் மூலத்தைக் கைவிட்டால், பின்னர் எஞ்சுவது சிதைந்த கோப்புகளே. இருபுறமும் இடர் உள்ள இந்நிலையிலிருந்து விடுபட ஓர் எளிய வழி உண்டு. முதலில் வன்தட்டின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். அதனை நலமான வேறொரு கணினியில் பொருத்திப் படியெடுக்கலாம். அவ்வசதி இல்லையென்றால், வன்தட்டை விலக்கி வைத்தே நினைவகத்தைச் சோதித்து, அது நலம் என்று தெரிந்த பின்னர் வன்தட்டை இணைத்துப் படியெடுக்கலாம். பென் டிரைவிலிருந்து தொடங்கும் நினைவகச் சோதனைக்கு வன்தட்டு தேவையே இல்லை.

படியெடுத்து முடியும்வரை, பழுதைச் சரிசெய்வதாகக் கூறும் எந்த மென்பொருளையும் வன்தட்டின்மீது இயக்குதல் கூடாது. அவை வன்தட்டில் எழுதும். எழுதுவது இருப்பதையும் அழிக்கக்கூடும். படிக்க இயலாத பகுதிகளைத் தாண்டிச் சென்று, படிக்க இயன்றவற்றை முதலில் காப்பாற்றி, எஞ்சியவற்றுக்குப் பின்னர் மீண்டும் முயலும் குனு டிடிரெஸ்க்யூ போன்ற மென்பொருள் இதற்கு உகந்தது.

நினைவகச் சோதனை

நினைவகத்தைச் சோதிக்கும் முறை, ஏட்டில் எழுதிப் பின்னர்ப் படித்துப் பார்ப்பதைப் போன்றது. நினைவகத்தின் ஒவ்வோர் இடத்திலும் குறிப்பிட்ட வடிவில் 0, 1 ஆகிய இலக்கங்கள் எழுதப்படும். பின்னர் அவை மீண்டும் படிக்கப்படும். எழுதியதும் படித்ததும் வேறுபட்டால் அவ்விடம் பழுது. ஓரிடத்தில் எழுதும்போது அண்டை இடத்தின் மதிப்பு மாறிவிடும் பழுதும் உண்டு. அதனைக் கண்டறிய வெவ்வேறு வடிவங்கள் மாற்றி மாற்றி எழுதப்படும். ஆகவேதான் இச்சோதனை நெடுநேரம் நீள்கிறது. 1994ஆம் ஆண்டு கிறிஸ் பிரேடி உருவாக்கிய மெம்டெஸ்ட்86 இவ்வகை மென்பொருள்களுள் புகழ்பெற்றது. அதிலிருந்து கிளைத்த மெம்டெஸ்ட்86+ கட்டற்ற மென்பொருளாக வழங்குகிறது. இரவு முழுவதும் இதனை இயங்கவிட்டுக் காலையில் முடிவைப் பார்ப்பது பட்டறிவு உடையோர் வழக்கம்.

முடிவில் ஒரே ஒரு பிழை காட்டப்பட்டாலும் நினைவகத்தை ஐயுற வேண்டும். கோடிக்கணக்கான இடங்களில் ஓரிடம்தானே என்று விட்டுவிடலாகாது. அவ்வோர் இடத்தில் எது வந்து அமரும் என்பதை யாரும் அறியார். ஆயினும், உடனே புதிய நினைவகம் வாங்கிவிடுவதும் அறிவுடைமை ஆகாது. கெட்டது பலகையா, அதைச் செருகும் பள்ளமா என்பதைப் பிரித்தறிய வேண்டும். நம் கணினியில் முதல் பலகை, இரண்டாம் பலகை என இரு நினைவகப் பலகைகளும் இரு பள்ளங்களும் உள்ளன என்க. ஒரு நேரத்தில் ஒரு பலகையை ஒரு பள்ளத்தில் மட்டும் பொருத்திச் சோதித்தால் நான்கு முடிவுகள் கிடைக்கும். அவற்றைப் பின்வருமாறு பொருள்கொள்ளலாம்.

• முதல் பலகை இரு பள்ளங்களிலும் பிழை காட்ட, இரண்டாம் பலகை இரண்டிலும் பிழையின்றி இருந்தால், கெட்டது முதல் பலகை.
• இரு பலகைகளும் ஒரே பள்ளத்தில் மட்டும் பிழை காட்டினால், கெட்டது பள்ளம்.
• தனித்தனியே பிழையின்றி இருந்து, சேர்ந்திருக்கும்போது மட்டும் பிழை தோன்றினால், அவை ஒன்றோடொன்று பொருந்தாதவை. அல்லது பயாஸில் உள்ள அமைப்பு தவறு.
• நான்கு நிலைகளிலும் பிழை தோன்றினால், தாய்ப்பலகை, நுண்செயலி, மின்வழங்கி ஆகியவற்றின்பக்கம் ஐயம் திரும்ப வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுதல், பிறவற்றை மாற்றாதிருத்தல் என்னும் இந்நெறி கணினிக்கு மட்டும் உரியதன்று. வேதியியல் ஆய்வகத்திலும் வேளாண் வயலிலும் இதுவே ஆய்வின் அடிப்படை.

வன்தட்டின் தன்குறிப்பு

வன்தட்டு தன் நலத்தைப் பற்றித் தானே குறிப்பு எழுதிக்கொள்கிறது. இதற்கு ஸ்மார்ட் என்று பெயர். எத்தனை மணி நேரம் இயங்கியது, வெப்பநிலை என்ன, கெட்டுப்போன இடங்களுக்கு மாற்றாக எத்தனை இடங்கள் ஒதுக்கப்பட்டன என்பன போன்றவை அதில் பதிவாகும். பென் டிரைவிலிருந்து தொடங்கும் சிஸ்டம்ரெஸ்க்யூ போன்ற லினக்ஸ் தொகுப்புகளில் இக்குறிப்பைப் படிக்கும் மென்பொருள் உண்டு. அப்பட்டியலில் சிறப்பாகக் கவனிக்க வேண்டியவை 5, 197, 198 ஆகிய எண்களைக் கொண்ட வரிகள். மாற்றி ஒதுக்கப்பட்ட இடங்கள், மாற்றத்திற்குக் காத்திருக்கும் ஐயத்திற்குரிய இடங்கள், திருத்த இயலாத இடங்கள் ஆகியவற்றை அவை முறையே குறிக்கும். இவ்வெண்ணிக்கைகள் நாள்தோறும் வளர்ந்தால் வன்தட்டின் முடிவு நெருங்குகிறது என்று அறியலாம். 199 என்னும் வரி மட்டும் வளருமாயின், குற்றம் பெரும்பாலும் வன்தட்டில் இல்லை. அதனை இணைக்கும் வடத்தில் உள்ளது. வடத்தின் விலை எங்கே, வன்தட்டின் விலை எங்கே!

எனினும், இக்குறிப்பு முழுமையான சான்று ஆகாது. கூகுள் நிறுவன ஆய்வாளர்கள் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட வன்தட்டுகள் ஆராயப்பட்டன. செயலிழந்த வன்தட்டுகளுள் 56 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றில், வலுவான முன்னறிவிப்பாகக் கருதப்பட்ட நான்கு குறிப்புகளுள் ஒன்றுகூடத் தோன்றவில்லை. அதேவேளையில், மேற்பரப்பைப் படிக்கும்போது முதல் பிழை காட்டிய வன்தட்டு, அடுத்த 60 நாள்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு, பிழை காட்டாதவற்றைவிட 39 மடங்கு மிகுதி என்றும் அவ்வாய்வு கண்டது. இதிலிருந்து நாம் கற்பது யாது? குறிப்பு எச்சரித்தால் உடனே நம்ப வேண்டும். எச்சரிக்கவில்லை என்பதற்காக மெத்தனமாக இருத்தல் கூடாது. படியெடுத்து வைப்பதற்கு ஈடான காப்பு வேறில்லை.

மின்னோட்டமும் வெப்பமும்

நினைவகமும் வன்தட்டும் நலமாயிருந்தும் கணினி அணைந்துபோனால், மின்வழங்கியையும் வெப்பத்தையும் பார்க்க வேண்டும். பல பயாஸ்களில் வன்பொருள் கண்காணிப்பு என்னும் பக்கம் உண்டு. நுண்செயலியின் வெப்பநிலை, விசிறியின் வேகம், மின்னழுத்தங்கள் ஆகியவற்றை அங்கே காணலாம். 12 வோல்ட் இணைப்பில் 5 விழுக்காடு ஏற்ற இறக்கம் ஏற்கப்படும், அதாவது, 11.4 வோல்ட்டுக்கும் 12.6 வோல்ட்டுக்கும் இடைப்பட்டிருக்க வேண்டும். அப்பக்கம் காட்டும் அளவு துல்லியமானது அன்று. ஐயம் எழுந்தால், நலமான வேறொரு மின்வழங்கியைப் பொருத்திப் பார்ப்பதே தெளிவான சோதனை.

நாம் எடுத்துக்கொண்ட பள்ளிக் கணினிக்கு இந்நெறியைப் பொருத்திப் பார்ப்போம். வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் படியெடுத்தாயிற்று, பாடல்கள் பிழைத்தன. அதன் குறிப்பிலும் குறை இல்லை. நினைவகச் சோதனையில் முதல் பலகை இரு பள்ளங்களிலும் பிழை காட்டியது. அப்பலகையை நீக்கிவிட்டு, எஞ்சிய ஒன்றைக் கொண்டு கணினி தடையின்றி இயங்குகிறது என்றால், மூன்று ஊகங்களுள் மூன்றாவதே உண்மைக்கு அருகில் இருந்தது. ஆனால், சோதித்த பின்னரே அதனை உண்மை என்று சொல்லும் உரிமை நமக்குக் கிடைக்கிறது. மூன்றாமவரின் சொல்லை நம்பி இரு பலகைகளையும் மாற்றியிருந்தால், நலமான பலகையும் குப்பைக்குச் சென்றிருக்கும்.

எறிவதற்கு முன்

ஐக்கிய நாடுகள் அவையின் அமைப்புகள் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உருவாயிற்று. அதில் முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடே. எஞ்சியவற்றுள் பெரும்பகுதி குப்பை மேடுகளுக்கும் முறைசாராப் பட்டறைகளுக்கும் சென்று, ஈயம் முதலிய நச்சுப் பொருள்களால் மண்ணையும் நீரையும் அவ்வேலையில் ஈடுபடுவோர் உடல்நலத்தையும் கெடுக்கிறது. மின்னணுக் கழிவு மேலாண்மைக்கெனப் புதிய விதிகள் இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன.

தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்வழிக் கணினி பெற்ற வீடுகள் பல. அக்காவோ அண்ணனோ பெற்ற மடிக்கணினி இயங்காமல் பரண்மேல் கிடக்கக்கூடும். அது கெட்டுப்போனதா, அதன் ஓர் உறுப்பு மட்டும் கெட்டுப்போனதா என்னும் வினாவை எழுப்ப வேண்டியவர்கள் நீங்களே.

சோதனையின் பயன் பழுது நீக்குவது மட்டும் அன்று. பழுது நீக்க இயலாத நிலையிலும், நலமான உறுப்புகளைப் பிரித்து வேறொரு கணினிக்கு வாழ்வு அளிக்கலாம். தரவுகளை அழித்த பின்னர் எஞ்சியவற்றை உரிய மறுசுழற்சி மையத்தில் ஒப்படைக்கலாம். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்னும் முடிவு அறிந்து எடுத்த முடிவாக இருத்தல் வேண்டும். கேட்டு, கண்டு, ஒன்றை மட்டும் மாற்றி, மீண்டும் சோதித்து, சான்றின்மேல் நின்று பேசும் பழக்கம் ஒருவருக்கு வாய்த்துவிட்டால், அது கணினியோடு நின்றுவிடுவதில்லை; வாழ்வின் பிற சிக்கல்களிலும் அவருக்குத் துணைநிற்கும்.

கலைச்சொல் அறிவோம்

வன்தட்டு – ஹார்டு டிஸ்க்
நினைவகம் – மெமரி
தாய்ப்பலகை – மதர்போர்டு
நுண்செயலி – மைக்ரோபிராசசர்
மின்தேக்கி – கெப்பாசிட்டர்
நிலைபொருள் – ஃபெர்ம்வேர்
வழங்கி – சர்வர்
நெகிழ்வட்டு – ஃபிளாப்பி டிஸ்க்

கற்பவை கற்றபின்…

1. உங்கள் பள்ளியிலோ வீட்டிலோ இயங்காமல் உள்ள மின்கருவி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் பழுதைக் கண்டறிய எவ்வரிசையில் சோதிப்பீர்கள் என்பதைக் காரணங்களுடன் எழுதுக.
2. ‘ஊகமும் சான்றும்’ என்னும் பொருளில் வகுப்பறையில் கலந்துரையாடுக.
3. உங்கள் ஊரில் பதிவு செய்யப்பட்ட நாட்டுப்புறப் பாடல்கள், ஒளிப்படங்கள் எங்கெங்கே சேமிக்கப்பட்டுள்ளன, அவற்றுக்குப் படிகள் உள்ளனவா என்பதைக் கேட்டறிந்து பட்டியலிடுக.